தீய பழக்கமும் வினைப்பயனும்

சிவமயம்

சைவ நன்மக்காள்!

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே, சங்கரன்கோயிலுக்குத் தென்மேற்கில், தென்காசி மாவட்டத்தில் அமைந்தது கடையநல்லூர். தறி நெய்து வாழும் மக்கள் நெடுங்காலமாக மிக்கிருந்த ஊர் அது. சின்னாட்களுக்கு முன் ஆங்கு அன்பரொருவர் இல்லத்திற் கூடிய சிலர்க்குச் சிவஞான சித்தியார்ச் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரப் பொருளை எடுத்துரைக்கும் பேறு எமக்கு வாய்த்தது. வினையின் இயல்பையும், அஃது உயிரைப் பற்றுமாற்றையும், அதன் பயனை இறைவன் கூட்டுமாற்றையும் இயன்ற அளவு கூறி முடித்தோம். அப்பொழுது பின்னே இருந்த முதியவரொருவர் எழுந்தார். இளமைதொட்டுக் குழித்தறியில் இருந்து நெய்தவர்.

"சாமி, ஒரு சந்தேகம், கேட்கலாமா?" என்றார்.

"கேளுங்கள், பெரியவரே" என்றோம்.

"என் மகன் குடிக்கிறான். முதலில் வாரத்துக்கு ஒரு நாள்; பிறகு நாள்தோறும். தறியை விற்றான். மருமகளின் கழுத்தில் இருந்ததையும் விற்றான். 'அவன் வினை, அவன் அனுபவிப்பான். நீர் ஏன் கிடந்து வருந்துகிறீர்?' என்று ஊரார் சொல்லுகிறார்கள். சாமி இப்பொழுது சொன்னதும் அதுதானா? அதுதான் சித்தாந்தமானால், நான் அவனைக் கைவிட்டுவிடலாமா?"

அவையில் எவரும் வாய் திறந்திலர். யாம் அன்று கூறிய விடை நிரம்பியதென்று எமக்கே தோன்றவில்லை. அவ்வினா எம்மை விட்டு நீங்காமையின், பின்னர் நூல்களை வைத்து ஆராய்ந்து கண்டவற்றை ஈண்டுக் கூறத் துணிந்தோம்.

மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றானும் உயிர் செய்வன வினை எனப்படும். முன்னர் ஈட்டப்பட்டு நுகரப்படாது கிடப்பது சஞ்சிதம். அதனுள் இப்பிறவியில் நுகர்தற்கென முகந்து கொள்ளப்பட்டது பிராரத்தம். நுகருங்கால் மேன்மேல் ஏறுவது ஆகாமியம். இவை நம் அன்பர் யாவரும் அறிந்தனவே. ஆராயற்பாலது, செய்த வினை தானே சென்று செய்தவனைப் பற்றுமோ என்பது. பற்றும் என்பர் மீமாஞ்சகர். வினையே பயன் தர வல்லதாகலின் அதன்பொருட்டு ஓர் இறைவன் வேண்டா என்பது அவர் கொள்கை. நம் ஆசிரியர் அதனை உடன்படார். என்னை? வினை அறிவில்லாதது. செய்த அளவிலே மாய்வது. இன்னார்க்கு, இன்ன காலத்து, இத்துணை என்று அளந்து கூட்டும் உணர்ச்சி அதற்கு இல்லை. உயிரோ இன்பத்தை வலிந்து கொள்ளினும் துன்பத்தைத் தானே சென்று கொள்ளாது. ஆகலின், முற்றறிவும் பேராற்றலும் பேரருளும் உடைய இறைவனே தன் சத்தியால் வினைப்பயனை உயிர்க்குக் கூட்டுவன் என்பது துணிபு.

அற்றேல், துன்பத்தைக் கூட்டுவோன் அருளாளன் ஆதல் யாங்ஙனம் எனின், கூறுதும். தம் சொற்படி நடவாத மகனைப் பெற்றோர் வளார் கொண்டு அடிக்கின்றனர். அவ்வடியும் அன்பின் செயலே என்பதை அருணந்தி சிவனார் இச்சூத்திரத்தின்கண்ணே காட்டினார். மருத்துவன் புண்ணை அறுப்பதும் அத்தகையதே. எனவே வினைப்பயன் பழிவாங்குதலன்று, அது மருந்து. இவ்வுண்மையை மறந்து, தீயொழுக்கத்தால் துன்புறுவோனைக் கண்டு, 'நன்றாக வேண்டும் இவனுக்கு' என்று மகிழ்வோன், மருத்துவசாலையில் நோயாளி அலறக் கேட்டு மகிழ்வோனை ஒப்பன். இஃது ஒன்று.

இனி, தீச்செயலின் பயன் யாது, எப்பொழுது வருவது என்பதனை நோக்குவாம். நோய், வறுமை, பழி, அரசினர் ஒறுத்தல், மறுமைத் துன்பம் என்று உலகர் எண்ணுவர். இவையனைத்தும் பின்னர் வருவன. சில இப்பிறவியில் வாராதும் ஒழியும். அதுகண்டு, 'தீயவன் தழைக்கின்றானே' என்று மயங்குவாரும் உளர். அவர் முதற் பயனைக் கண்டிலர். தீச்செயலின் முதற் பயன், அச்செயலை மீளச் செய்தல் எளிதாதலேயாம். முதன்முறை பொய் கூறுவானுக்கு நாத் தடுமாறும். பத்தாம் முறை தடுமாறாது. முதன்முறை பிறர் பொருளை எடுத்தவனுக்கு அன்றிரவு உறக்கம் வாராது. பின்னர் இனிது உறங்குவன். அந்நாணமும் நடுக்கமும் இறைவன் உயிர்க்கு இட்ட காவல். அக்காவல் நீங்கியதே அவன் பெற்ற ஒறுப்பு. அவனோ அதனை ஊதியமென்று எண்ணுகின்றான்.

இதற்குக் காரணம் உயிரின் இயல்பிலே உள்ளது. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் தன்மை என்பர் நம் ஆசிரியர். செந்நிறப் பொருளின் அணித்தே வைத்த படிகம் சிவந்தும், கருநிறப் பொருளின் அணித்தே வைத்தது கறுத்தும் தோன்றும். அங்ஙனமே உயிரும் எதனைச் சார்கின்றதோ அதுவேயாய் நிற்கும். தீயதனைப் பலகாற் சார்ந்தவழி அதன் வாதனை படிகின்றது. வாதனை மீண்டும் அச்செயலைத் தூண்டுகின்றது. அச்செயல் வாதனையை வலியுறுத்துகின்றது. உழவன் விளைந்த நெல்லை உண்பதோடு அடுத்த விளைவுக்கு வித்தும் வைக்குமாறு போல, நுகர்ச்சியிலிருந்தே மேல்வினை ஏறுகின்றது. புற இருள் பொருள்களை மறைப்பினும் தன்னைக் காட்டி நிற்கும். ஆணவ இருளோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும் என்பது உமாபதி சிவனார் திருவருட்பயனுட் காட்டிய நுட்பம். தீய பழக்கமும் அத்தகையதே. 'வேண்டியபொழுது விட்டுவிடுவேன்' என்று கூறாத குடியன் எங்கும் இலன். விட இயலாமையை அவனிடமிருந்தே மறைப்பது அப்பழக்கத்தின் முதற்றொழில்.

கடையநல்லூர்க்கு அணித்தாய தென்காசியில் இருந்து அரசு புரிந்த அதிவீரராம பாண்டியர், நளன் சரிதத்தை நைடதம் என்னும் பெயரால் தமிழிற் செய்தார். நளன் சரிதத்தில் நம் ஆராய்ச்சிக்கு வேண்டும் இரண்டிடங்கள் உள. ஒன்று, கலி நளனைப் பற்றிய வகை. கலி பன்னீராண்டு காத்திருந்தான். நளனோ அறத்தின் வழுவாதவன்; அணுக இடமில்லை. ஒருநாள் நீராற் கால் தூய்மை செய்யுங்கால் சிறியதோர் குறை நேர்ந்தது. அச்சிறு குறையே வாயிலாகக் கலி உட்புகுந்தான். அதன்பின் சூதும், நாடிழத்தலும், நள்ளிரவில் மனைவியைக் காட்டிடை நீத்தலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. பெருங்கேடு பெருவாயில் வழி வருவதன்று என்பது இதனாற் பெறப்படும். நண்பர் கூடிய ஓரிரவிற் பருகிய ஒரு குவளை, காலங்கழிக்கவென்று தொட்ட ஒரு சீட்டு, இவையே இன்றும் வாயில்.

மற்றொன்று, கலி நீங்கிய வகை. காட்டுத்தீயிற் சிக்கிய கார்க்கோடகன் என்னும் பாம்பை நளன் எடுத்துக் காத்தான். காக்கப்பட்ட பாம்பு காத்தவனையே தீண்டியது. அவன் மேனி வேறுபட்டது. உலகர் இதனை நன்றி கோறல் என்பர். ஆனால் அந்நஞ்சு வருத்தியது நளனையன்று. அவனுள் உறைந்த கலியையே. புறத்தே தண்டமாய்த் தோன்றியது அகத்தே மருந்தாய் நின்றது. வினைப்பயனை இறைவன் கூட்டுமாறு இதுவே என்று நம் அன்பர் கொள்க.

பழங்கதையைக் கூறி நம் காலத்தை மறத்தல் முறையன்று. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் கள்ளக்குறிச்சியைச் சார்ந்த கருணாபுரத்தில் நிகழ்ந்ததை யாவரும் அறிவர். மெதனால் என்னும் நஞ்சு கலந்த கள்ளச்சாராயத்தைப் பருகி அறுபதின்மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பலர் நாட்கூலிக்கு உழைப்போர், மகளிரும் இருந்தனர். மெதனால் உடலுட் புக்கபின் ஈரலால் மாற்றமுற்று எறும்பின் கடியிலுள்ள அமிலமாகின்றது. அது குருதியைக் கெடுத்துக் கண்ணின் நரம்பைப் பற்றி அழிக்கும். சிறிதளவே கண்ணொளியைப் போக்க வல்லது. மாலையில் உடல்நோவு தீரவென்று பருகியவர், மறுநாள் கண் தெரியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மருத்துவசாலைக்குச் சுமந்து செல்லப்பட்டனர். இறந்தோர் குடும்பத்திற்கு அரசினர் பத்து இலட்சம் ரூபா வழங்க முன்வந்தபொழுது, 'குடித்து மாண்டவர்க்குப் பொருளோ? அவரவர் வினை அவரவர் நுகர்ந்தனர்' என்று கூறினார் பலர். திருநீறு பூசிய நெற்றியினரும் அங்ஙனம் கூறக் கேட்டோம். அந்நாள் எம் செவியில் விழுந்த அச்சொல்லே கடையநல்லூரில் அம்முதியவர் வாயிலாக வினாவாய் மீண்டு வந்தது.

அச்சொல் சித்தாந்தமோ? அன்று என்பேம். மூன்று காரணங் கூறுதும்.

முதலாவது, அந்நிகழ்ச்சியில் வினை செய்தார் பருகினவர் மட்டுமல்லர். நஞ்சென்று அறிந்தும், அறிய வேண்டியதை அறிய விரும்பாதும், பொருளாசையாற் கலந்து விற்றவர் வினை அவ்வினையினும் கொடிது. கண்டும் காணாதிருந்தோர் வினை வேறு. மதுவிலக்குச் சட்டம் 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் ஜில்லாவில் நடைமுறைக்கு வந்தது, 1948இல் மாகாணமெங்கும் பரவிற்று, 1971இல் தளர்த்தப்பட்டது, பின்னர் இறுகியும் நெகிழ்ந்தும் வந்து, 2003 முதல் அரசினர் கழகமே சில்லறைக் கடை நடாத்தும் நிலையை எய்தியது. ஊர்தோறும் கடையைத் திறந்துவைத்து, உட்புகுந்தவனை மட்டும் வினைவயத்தன் என்று பழித்தல் நடுநிலைமையன்று. திருமூலர் முதல் தந்திரத்துள் கள்ளுண்ணாமையைத் தனியே வகுத்து ஓதினார். சிவானந்தத் தேறலை உண்ணற்குரிய உயிர் கள்ளை உண்டு மயங்குகின்றதே என்னும் இரக்கம் அவ்வுபதேசத்தின் உள்ளீடு. அவ்விரக்கம் இல்லாது கள்ளுண்ணாமை பேசுவார் திருமூலர் வழியினர் ஆகார்.

இரண்டாவது, பிறர் துன்பம் அவர்தம் பிராரத்தம் என்பது மெய்யே. ஆனால் அதனைக் காணும் நமக்கு அஃது ஆகாமியத்தின் வாயில். அவருக்கு அது நுகர்ச்சி, நமக்கோ செயற்களம். ஆங்கு நாம் நினைப்பதும் சொல்வதும் செய்வதும் நம் கணக்கில் ஏறும். இறைவன் அவர்க்குத் துன்பத்தைக் கூட்டினான் என்றால், அத்துன்பத்தைக் காண நம்மையும் அவ்விடத்தே கூட்டினான். பின்னதை மறந்து முன்னதை மட்டும் கூறுதல் நூலிற் பாதியை மறைத்தலாம்.

மூன்றாவது, எல்லாவற்றினும் வலியது. நல்வினை தீவினை என்பவற்றை அருணந்தி சிவனார் இதம், அகிதம் எனப் பெயரிட்டு வரையறுத்தார். உயிர்க்கு நன்மை புரிதல் இதம். அகிதமாவது அந்நன்மையைப் புரியாதிருத்தல். இவ்வரையறையை நம்மனோர் பன்முறை படித்தும் அதன் கூர்மையை உணர்ந்திலேம். தீமை செய்தலே அகிதம் என்றிருப்பின் நம்மிற் பலர் தப்பிவிடலாம். நன்மை செய்யாமையே அகிதமாயின் தப்புவார் யார்? குடித்து வீழ்ந்து கிடப்பானைக் கண்டு, 'அவன் வினை' என்று விலகிச் சென்றவன், அவ்வளவில் ஒரு தீவினையை ஈட்டிச் சென்றான். அதுவும் பழக்கமாகும். முதன்முறை நெஞ்சு உறுத்தும். பத்தாம் முறை உறுத்தாது. குடிப்பழக்கத்தினும் அஞ்சத்தக்கது இரங்காமைப் பழக்கம். என்னை? குடியனுக்குத் தன் இழிவு ஒருகாற் புலப்படும். இரங்காதவனோ தன்னைத் தத்துவமுணர்ந்தான் என்று எண்ணிக்கொள்வன். சாத்திரம் ஓதும் யாம் இக்குற்றத்திற்கு மிக அணித்தாய் நிற்கின்றோம் என்பதை ஒளியாது கூறுகின்றோம்.

அற்றேல், மகன் என்று வருந்துதல் பாசமன்றோ, அதனை வளர்ப்பது சைவர்க்குத் தகுமோ என வினவலாம். 'என் மகன், என் குடிப்பெருமை கெட்டதே' என்று வருந்துதல் பாசமே. அங்ஙனமன்றி, 'சிவபெருமானுக்கு அடிமையாகிய ஓர் உயிர் வழுக்கி வீழ்ந்தது. அதனைத் தாங்கும்படி அவன் என் கையிற் கொடுத்தான்' என்று கருதிச் செய்வது சிவபுண்ணியத்தின்பாற்படும். செயல் ஒன்றே, சார்பு வேறு. இவ்வாறு கருதுவோன் குடிக்கக் காசு கொடுத்து மகனை மகிழ்விக்க மாட்டான். அவன் பொருட்டுப் பொய் கூறி மறைக்கவும் மாட்டான். வளாரும் அன்பின் கருவி என்றார் நம் ஆசிரியர். கண்டித்தல் உண்டு, கைவிடுதல் இல்லை.

இனி, பழக்கத்தை நீக்கும் வகை யாது? சட்டம் கடையை மூடலாம், வாதனையை மூடமாட்டாது. கள்ளச்சாராயம் அன்றும் சட்டத்தால் விலக்கப்பட்டதே. விலக்கப்பட்ட இடத்திலேயே அத்துணை உயிர் மாய்ந்தது. தீமையைச் சார்ந்து கறுத்த படிகத்தை எத்துணைத் துடைப்பினும் பயனில்லை. அதனை வேறோர் ஒளியின்பால் நகர்த்துதல் வேண்டும். ஆதலால் விடுதல் என்பது தனியே நிகழாது. வேறொன்றைப் பற்றுதலோடு உடனிகழ்வது. சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலம் நீங்கிய உயர்ந்தார்க்கும் அடியார் இணக்கத்தையும் திருவேட ஆலய வழிபாட்டையும் விதித்தது. அவர்க்கே வேண்டுமாயின், பழக்கத்திற் சிக்கியவனுக்கு அவை எத்துணை வேண்டும் என்பது சொல்லாமே விளங்கும். தீக்கூட்டத்தால் வந்தது நற்கூட்டத்தாலன்றிப் போகாது.

சங்கரன்கோயிலிற் கோமதியம்மையின் திருமுன் ஆக்ஞா சக்கரம் ஒன்று உண்டு. திருவாவடுதுறை ஆதீனத்து வேலப்ப தேசிகர் அதனை அமைத்தருளினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. மனம் பிறழ்ந்தாரை அதன்மீது இருத்தி அம்மையை வேண்டுதல் வழக்கம். ஆங்கு நின்று ஒன்றை உற்று நோக்கினோம். அதன்மீது இருந்தவர் எவரும் தாமே வந்தாரல்லர். தாய் கைப்பிடித்து வந்தாள். உடன்பிறந்தான் தோளிற் சாய்த்து வந்தான். கணவன் அழைத்து வந்தான். அருள் அம்மையினுடையது, கொணரும் கை உறவினருடையது. நோயுற்றானைத் தானே வருக என்று அம்மை காத்திருக்கவில்லை; கொணரும் கையையும் அவளே ஏவினாள். இக்காலத்துக் குடிநோய் மருத்துவத்திற்கும் இது பொருந்தும். நெடுநாட் குடித்தவன் திடுமென விடின் நடுக்கமும், வலிப்பும், அறிவு மயக்கமும் தோன்றி உயிர்க்கே இடையூறாதல் உண்டு. ஆகலின் மருத்துவர்பால் அழைத்துச் சென்று முறையாக விடுவித்தல் வேண்டும். அதனைத் திருவருட்குப் புறம்பென்று எண்ணற்க. மருந்தாய் நிற்பவனும் மருத்துவனாய் நிற்பவனும் அவனே. திருந்தியபின்னும் பழைய மணம் சிலநாள் வீசும். பெருங்காயத்தை எடுத்துவிட்ட கலத்தில் அதன் நாற்றம் தங்குமாறு, ஞானிக்கும் முன்வினை வாதனை மூளுதலை மெய்கண்ட தேவர் பத்தாஞ் சூத்திரத்திற் காட்டினார். ஞானிக்கே அங்ஙனமாயின், நேற்று விட்டவன் இன்று ஒருகால் வழுக்கின், 'இனி இவன் தேறான்' என்று துணிந்து தள்ளுதல் அறியாமையாம்.

மீண்டும் அம்முதியவர்பால் வருவாம். அன்று யாம் அவர்க்கு விடையாகச் சில கூறித் தடுமாறி, ஈற்றில் அவர் தொழிலையே எடுத்துக்கொண்டோம். "பெரியவரே, வீட்டில் கட்டிவைத்த நூல் சஞ்சிதம், தறியில் ஏற்றிய பாவு பிராரத்தம், நாடா ஓட ஓட நீங்கள் இடும் ஊடை ஆகாமியம். பாவை இனி மாற்ற முடியாது. ஊடை உங்கள் கையில் இருக்கிறது. அழுக்கு நூலை இட்டால் துணி முழுதும் அழுக்குத் தெரியும். அதுவே தீய பழக்கத்தின் பயன்" என்றோம். உவமை ஒருபுடை ஒப்புமையே யாயினும் அவர் தலையசைத்தார். பின் சிறிது நேரம் வாளா இருந்து, எம்மை நோக்கி, "நெய்யும்போது இழை அறும், சாமி. ஒரு நாளைக்குப் பல தடவை அறும். அறுந்தது என்று பாவை வெட்டி எறிந்தவனை நான் பார்த்ததில்லை. தறியை நிறுத்தி, அறுந்த இடத்தைத் தேடி, முடிந்துவிட்டுத்தான் மேலே நெய்வோம்" என்றார்.

யாம் கூறப் புகுந்து கூறமாட்டாததை அவர் கூறினார். வினாவும் அவருடையது, விடையும் அவருடையதே.

ஆதலின், சைவ நன்மக்காள்! தீயொழுக்கம் பயன் தாராதொழியாது என்பதில் ஐயம் வேண்டா. அப்பயன் நாளை வருவதன்று; செய்த அக்கணமே நெஞ்சிற் படிவது. அதனை அஞ்சி, சிறு வாயிலை அடைத்துக் காமின். பிறர் வீழக் கண்டவழி வினையைச் சுட்டி விலகாது, கை கொடுமின். வினையின் கணக்கு இறைவனுடையது. நமக்கு அவன் இட்ட பணி அறுந்த இழையை முடிதலே.

மெய்கண்டார் திருவடி வாழ்க!

திருச்சிற்றம்பலம்